தோரா அத்தைக்கு ஒரு நல்ல வாரம்

அரிசோனாவில், டூசான் நகரத்தில், மழை என்று ஒன்று இருப்பதையே மறந்து சுகமாக வாழும் தோரா அத்தைக்கு, அலாஸ்காவில் நனைந்துகொண்டே ரக்னா எழுதிக்கொண்டது:

முடியும், அத்தை. ஒரே ஒரு வாரம் என்று சொல்ல முடியும். அதைச் சொல்லத்தான் பதினொரு நாளாகப் படகில் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே நான், அப்பா, படகு மூவரும் நலம். படகுக்கு மட்டும் அடியில் சிறு கசிவு. அப்பா அதை வியர்வை என்கிறார். உங்கள் நலத்தை நீங்களே இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டதால் அதைக் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க அதைத் திரும்பச் சொல்கிறேன். உங்கள் சீட்டாட்டத் தோழிகள் ஆறு பேர் இந்தக் கோடையில் போர்ச்சுகலுக்கு ஆற்றுப் பயணம் போகிறார்கள். மார்ச் முடிவதற்குள் நீங்கள் வருகிறீர்களா இல்லையா என்று சொல்ல வேண்டும். எழுபத்தாறு வயது முழங்கால் வருஷத்துக்கு ஒரு பெரிய பயணத்தைத்தான் தாங்கும். ஒன்று போர்ச்சுகல், இல்லையென்றால் தம்பியின் படகு. "பதினொரு வருஷமாக அவனைக் கேட்டுவிட்டேன். இந்த முறை உன்னைக் கேட்கிறேன். அவன் எனக்காகப் பயப்படுகிறவன். நீ பயப்படாமல் ஒரு வாரத்தைச் சொல். நீயும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதினால் போர்ச்சுகலுக்குப் போய்விடுவேன். பிறகு கேட்கமாட்டேன்."

கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு. பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

உங்களை நான் ஒரே முறைதான் பார்த்திருக்கிறேன். அம்மாவைப் புதைத்த வாரம். எனக்குப் பதினைந்து வயது. விமானத்தில் வந்தீர்கள், இரண்டு நாள் இருந்தீர்கள், விமானத்தில் போனீர்கள். கிளம்புவதற்கு முன் துறையில் நின்று அப்பாவின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு, "அடுத்த வருஷம் வர்றேன்டா, உன் படகுல" என்றீர்கள். அப்பா அதை விடவே இல்லை. அடுத்த வருஷத்தை இன்றுவரை பிடித்து வைத்திருக்கிறார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் நம் படகின் சுக்கான் அறையில் ஒரு பலகை இருக்கிறது. மேலிருந்து கீழே வாரங்கள், ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. குறுக்கே ஏழு தலைப்புகள். திமிங்கிலம். கரடி. சால்மன். பனியாறு. துருவ ஒளி. மழை இல்லாமை. பூச்சி இல்லாமை. ஒவ்வொரு வாரமும் அப்பா சாக்பீஸால் சரியோ தவறோ போடுவார். ஏழும் சரியாக விழும் வாரம் எதுவோ அதுதான் உங்கள் வாரம்.

ஏழும் விழாது, அத்தை. கரடிக்குச் சால்மன் மீன் வேண்டும், அது ஜூலைக்குப் பிறகு. துருவ ஒளிக்கு இருட்டு வேண்டும். ஜூனில் இங்கே இருட்டு என்பது ஒரு வதந்தி. மே மாதத்தில் மழை குறைவு, ஆனால் பனியாற்றுக்குப் போகும் குடாவைப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கும். செப்டம்பரில் பூச்சி இல்லை. வேறு எதுவும்கூட இல்லை, மழையைத் தவிர. ஏழும் ஒன்றாக வரும் வாரத்தைக் கடவுள் என்றாவது ஒரு தடவை படைத்திருக்கலாம். அந்த வாரம் அப்பா பல் வலியோடு படுத்திருந்திருப்பார்.

ஆனால் இது அப்பாவின் வியாதி மட்டும் இல்லை. நம் ஊரில் எந்த விருந்தாளியிடமும் யாரும் "சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. விமானத்திலிருந்து இறங்குகிறவரைப் பார்த்த உடனே, பெட்டியைக்கூடக் கீழே வைக்க விடாமல், "அடடா, போன வாரம் வந்திருக்கணும்" என்பார்கள். தபால் நிலையத்தில் சொல்வார்கள். கடையில் சொல்வார்கள். பாதிரியார் சொல்வார். போன வாரம் வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று படகில் எல்லோரும் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் போன பிறகு வந்து சேர்ந்தவர்கள் இருவர். எல்வினா அக்கா, சுக்கானில் அப்பாவுக்கு மாற்று ஆள். அவருடைய ட்லிங்கிட் பழங்குடி இந்தக் கடலில் நார்வேயிலிருந்து வந்த நம் முன்னோர்களுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் மூத்தது, அதை நாளுக்கு ஒரு முறையாவது அப்பாவுக்கு நினைவூட்டுவார். டெல்ஃபின் மாமா, எஞ்சினும் சமையலும். அவர் தாத்தா பிலிப்பைன்ஸிலிருந்து இங்கே மீன் டப்பா ஆலைக்கு வந்தவர். அவர்களிடம் உங்கள் கேள்வியை வைத்தேன்.

"மே. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் எல்வினா அக்கா. "கூட்டம் இருக்காது. கரடிங்க குளிர்காலத் தூக்கத்துலேருந்து பட்டினியா எந்திரிச்சு வந்து கரையில புல்லு தின்னுகிட்டு நிக்கும், மாடு மாதிரி."

"மாடு மாதிரி நிக்கிற கரடியப் பாக்கவா அரிசோனாவுலேருந்து வருவாங்க?" என்றார் டெல்ஃபின் மாமா. " ஆகஸ்ட் வரச் சொல்லு, ரக்னா. மீன் தலை கிடைக்கும்."

"உனக்குக் காலண்டரே மீன் தலைதான்யா."

"மீன் தலை இல்லாத மாசம் ஒரு மாசமா, அக்கா?"

அப்பா தூரிகையை நிறுத்தவில்லை. "இந்த வருஷமே சரியில்ல. மலையில பனி ஜாஸ்தி."

"போன வருஷம் கம்மின்னு சொன்னே."

"கம்மியா இருந்தாலும் சரியில்ல."

"யோவ் எய்னார்," என்றார் எல்வினா அக்கா, "அந்த மலை காத்திருக்கும், அதுக்கு வேற வேலை இல்ல. உங்க அக்காவுக்கு எழுபத்தாறு."

அப்பா தூரிகையை டின்னின் மேல் வைத்துவிட்டு மேலே போய்விட்டார். தூரிகை டின்னுக்குள் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் தீர்மானித்தேன், பதிலை நானே கண்டுபிடிப்பது என்று. பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் கவிதை படித்தவள் நான். படகில் அதற்கு ஒரே ஒரு பயன்தான்: பயணிகள் பேசாமல் இருக்கும்போது எனக்கும் பேசாமல் இருக்கத் தெரியும். ஆனால் போன வருஷம் முழு சீசனும் படகில் இருந்தேன். எந்த மாதம் எப்படி என்று என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

மே. சீசனின் முதல் பயணம் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சீசனைத் தொடங்கும் படகு கரை திரும்பாது என்பது நம் ஊர் நாய்க்குக்கூடத் தெரியும், ஆனால் பயணிகளுக்குத் தெரியாது, ஆகவே அப்பா வழக்கமாகச் செய்வதைச் செய்தார், வியாழன் மாலையே படகை அவிழ்த்து முந்நூறு அடி தள்ளி டீசல் போடும் துறையில் கொண்டுபோய்க் கட்டி, பயணம் தொடங்கியாயிற்று என்று நோட்டில் எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார், இதைப் பயணிகளுக்குச் சொல்ல வேண்டியவள் நான், நான் மறந்துபோனேன், வெள்ளி காலை பத்துப் பேர் பெட்டிகளோடு எங்கள் வழக்கமான இடத்துக்கு வந்தபோது அங்கே படகு இல்லை, ஒரு கடற்சிங்கம் படுத்திருந்தது, நிகழ்ச்சி தொடங்கிவிட்டதாக நினைத்து ஒன்பது பேர் அரைமணி நேரம் படம் எடுத்தார்கள், பத்தாவது ஆள், ஒஹாயோக்காரர், விண்டெல் என்று பெயர், பக்கத்தில் நின்ற மீன்பிடிப் படகில் ஏப்ரன் கட்டிய ஒருவர் கை ஆட்டினார் என்பதற்காக அதில் ஏறி உட்கார்ந்துவிட்டார், அவர்களும் யாரோ யாருக்கோ உறவு என்று காபி கொடுத்திருக்கிறார்கள், படகு கிளம்பி ஊர் முனையைத் தாண்டிய பிறகுதான் ரேடியோவில் குரல் வந்தது.

"எய்னார், உன் சரக்கு ஒண்ணு என்கிட்ட ஏறிடுச்சு."

"என்ன சரக்கு?"

"ஒஹாயோ. எண்பது கிலோ இருக்கும். ரெண்டு காபி குடிச்சுட்டு, ரூம் எங்கேன்னு கேக்குது."

அப்பா விண்டெலின் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஜன்னலோர இருக்கையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "அவசரமில்ல, சாயங்காலம் வாங்கிக்கலாம்" என்றார்.

அந்தப் பயணத்தில் பனியாற்றுக்கு நான்கு மைல் முன்னாலேயே நின்றோம். குடா முழுக்கப் பனிக்கட்டி, ஒவ்வொரு கட்டியின் மேலும் ஒரு கடல்நாய் பிரசவத்தில். பக்கத்தில் போகக்கூடாது. அப்பா ஒலிபெருக்கியில், "மன்னிச்சுக்கங்க. ஜூலையில வந்திருக்கணும்" என்றார்.

ஜூன். நல்ல வெயில். படகில் எல்லோரும் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம். பெரிய மூச்சுச் சத்தம். பிறகு நாற்றம். அழுகிய முட்டைக்கோஸை அழுகிய மீனில் வேகவைத்த மாதிரி. சியாட்டிலிலிருந்து வந்த ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, கழிவறையை யாராவது பார்க்கக் கூடாதா என்றார். டெல்ஃபின் மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது, அவர் கழிவறையை அவரைத் தவிர வேறு யாரும் குறை சொல்லக்கூடாது, கருவிப் பெட்டியோடு கீழே போய்க் குழாயைக் கழற்றினார், நான் வாளி பிடித்தேன், எல்வினா அக்கா ஜன்னல்களைத் திறந்துவிட்டார், பயணிகள் நாகரிகமாகத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இருபது நிமிஷம் படகைச் சுற்றிச் சுற்றி வந்த திமிங்கிலத்தின் மூச்சு நாற்றம் அது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. வாலை மட்டும் பார்த்தோம், தூரத்தில்.

"காலைல பாத்திருக்கணும்," என்றார் அப்பா.

ஜூலை. ஓடையில் கரடி நின்றது. எங்களைப் பார்த்தது. காட்டுக்குள் போய்விட்டது. அதன் சார்பில் அப்பா மன்னிப்புக் கேட்டார். அதற்குள் எங்கள் எல்லோர் காதுகளையும் பூச்சி தின்று முடித்திருந்தது.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம்.

இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

பயணத்தின் எட்டு நாளும் மழை. பெரிய மழை இல்லை. நிற்காத மழை. மலைகள் இல்லை, எதிர்க்கரை இல்லை, இரண்டாம் நாள் படகின் முனைகூட இல்லை. மொன்டானாவிலிருந்து நான்கு சகோதரிகள் வந்திருந்தார்கள், எல்லோருக்கும் அறுபதைத் தாண்டிய வயது, ஒருவரையொருவர் வாடி போடி என்று பேசிக்கொள்கிறவர்கள். அப்பா ஒவ்வொரு காலையும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி அவர்கள் முன்னால் நிற்பார்.

"இன்னைக்கும் மன்னிக்கணும்."

"எதுக்கு?"

"மலை."

"இருக்கட்டும் கேப்டன், எங்க ஊர்லயும் மலை இருக்கு. அந்த ரொட்டிய இப்படித் தள்ளுங்க. ஏ மார்வா, நீ மூணு எடுத்துட்டே, நான் பாத்தேன்."

"எண்ணிகிட்டு உக்காந்திருக்கா பாரு. அலாஸ்காவுக்கு வந்து ரொட்டி எண்றா."

டெல்ஃபின் மாமா சால்மன் தலையைப் புளிப்பாகக் கொதிக்கவைத்தார். ஜன்னல்கள் ஆவியில் மூடிக்கொண்டன. படகு கண்ணாடி மேல் வைத்த மாதிரி நின்றது. டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. ஐந்தாம் நாள் பின்மதியம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினோம், காரணம் எதுவும் இல்லாமல். வெளியே, எங்கே என்று தெரியாத ஒரு இடத்தில், ஒரு திமிங்கிலம் மூச்சுவிட்டது. பிறகு இன்னொன்று. யாரும் கேமராவைத் தேடவில்லை, எதைப் படமெடுப்பது? மார்வா என்கிற அந்த மூத்தவர் கையில் கரண்டியோடு அப்படியே இருந்தார். அரைமணி நேரம். ஏழு தலைப்பில் சால்மனைத் தவிர ஒன்றுகூட அந்த வாரத்துக்குச் சரி விழவில்லை. கேட்டதைத் திமிங்கிலமாக எடுத்துக்கொள்ளலாமா என்று அப்பா ரொம்ப நேரம் யோசித்தார், பிறகு தவறு போட்டார்.

இறங்கும்போது நால்வரும் அழுதார்கள். அப்பா அதையும் தவறாகப் புரிந்துகொண்டார். "அடுத்த தடவ மே மாசம் வாங்க" என்றார்.

நான் மழைக்காக வாதாடவில்லை, அத்தை. இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. எழுதலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன். பதினொரு நாளில் மூன்று அதற்குப் போயிற்று.

பெயின்ட் அடிப்பதற்காகப் பலகையைச் சுவரிலிருந்து இறக்கினேன். வலது ஓரத்தில், சட்டம் மறைக்கும் இடத்தில், எட்டாவதாக ஒன்று. தலைப்பு இல்லை. சாக்பீஸும் இல்லை, பென்சில். ஒவ்வொரு வாரத்துக்கும் நேரே ஒரு எண். பூஜ்யம், ஒன்று, மூன்று, இரண்டு. அப்பா படியில் உட்கார்ந்து கயிறு பிரித்துக்கொண்டிருந்தார்.

"இது என்னப்பா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா வாரம் தவறாம எழுதியிருக்கீங்க?"

கயிற்றில் இல்லாத ஒரு முடிச்சை அவர் அவிழ்த்தார்.

"அலை," என்றார். "எவ்வளவு ஆட்டம்னு. உங்க அத்தைக்குக் கடல் ஆகாது."

நான் சிரித்துவிட்டேன். மன்னியுங்கள். நம் குடும்பத்தில் நான்கு தலைமுறை மீன்பிடிப் படகு. தோரா பிறந்ததே படகில்தான் என்று ஊரில் ஒரு கதையே இருக்கிறது.

"சிரிக்காதே. துறைய விட்டு வெளிய போனா அவளுக்கு வாந்திதான். எங்க அப்பா கூட ஹேலிபட் மீன் பிடிக்கப் போவோம். அவ ஓரத்துல குனிஞ்சு நிப்பா. அவருக்குக் கேக்கக் கூடாதுன்னு நான் பக்கத்துல நின்னு சத்தமாப் பாடுவேன். தொண்டை கிழிய. எனக்கு ஒம்போது வயசு, அவளுக்குப் பதினஞ்சு. ஊர்ல எனக்குப் பாட்டுப் பைத்தியம்னு பேரு."

"தேவாலயத்துல பாடக் கூப்பிட்டாங்கன்னு சொல்வீங்களே, அது இதனாலயா?"

"கூப்பிட்டாங்க. ஒரு வாட்டி."

கயிற்றைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்தேன். அவ ஊருக்கு வந்துட்டு படகுல ஏறாமப் போனா, ஏன்னு கேப்பாங்க. ஏறினா தெரிஞ்சுரும். அதனால ஆடாத வாரமா பாக்கறேன்."

பதினொரு வருஷம். ஏழு தலைப்பு ஊர் பார்ப்பதற்கு. எட்டாவது உங்களுக்கு.

அப்போதுதான் எனக்கும் சில விஷயங்கள் புரிந்தன. கடலே இல்லாத ஒரு மாநிலத்தில், கள்ளிச்செடிகளுக்கு நடுவில் வாழ்ந்த ஒரு பல் மருத்துவரை நீங்கள் ஏன் கல்யாணம் செய்துகொண்டீர்கள் என்பதுகூட. மாமா நல்லவர் என்று எனக்குத் தெரியும். நான் தூரத்தைச் சொல்கிறேன்.

பிறகு அப்பாவின் நோட்டுகளை எடுத்தேன். முப்பத்தொரு சீசன், முப்பத்தொரு நோட்டு. கடைசிப் பதினொரு நோட்டிலும் அந்த எட்டாவது எண் இருந்தது, அதை மழையோடு சேர்த்துப் பார்த்தேன். என்ன கிடைத்தது தெரியுமா? வெயில் அடித்த வாரங்களில் மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று எழுந்திருக்கிறது. இரண்டு, மூன்று. தூறல் வாரங்களில், மேகம் தலையில் இடிக்கும் வாரங்களில், உள் கால்வாய்களில் காற்றே இல்லை. பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். மழை வாரங்களை ஆறாவது தலைப்புக்காக அப்பா அடித்திருக்கிறார். வெயில் வாரங்களை எட்டாவதுக்காக அடித்திருக்கிறார். மீதி எதுவும் இல்லை. அன்பினால் ஒரு மனிதர் முழுக் கோடைகாலத்தையும் காலி செய்திருக்கிறார், அதுவும் பதினொரு தடவை.

ஆகவே என் பதில். ஆகஸ்ட் இரண்டாவது வாரம்.

மழை பெய்யும். மலை தெரியாது. தெரிந்தால் நான் பொறுப்பில்லை. துருவ ஒளி மேகத்துக்கு மேலே இருக்கிறது என்று அப்பா சத்தியம் செய்வார், நம்புங்கள். படகு ஆடாது. ஊர் முனையைத் தாண்டும் இருபது நிமிஷம் மட்டும் கொஞ்சம் ஆடலாம். அந்த இருபது நிமிஷத்துக்கு நானும் பாடக் கற்றுக்கொள்கிறேன். குரல் அப்பாவுடையதுதான். எல்வினா அக்காவுக்கும் டெல்ஃபின் மாமாவுக்கும் இது எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். பழுப்பு ரப்பர் பூட்ஸ் கொண்டுவர வேண்டாம், உங்கள் அளவில் இங்கே இருக்கிறது. குடை கொண்டுவராதீர்கள். குடையோடு இறங்கினால் இத்தனை வருஷ மரியாதையும் துறையிலேயே போய்விடும்.

போர்ச்சுகல் அங்கேயே இருக்கும். சீட்டாட்டத் தோழிகளுக்கு என் வருத்தத்தையும், உங்கள் முழங்கால்களுக்கு என் தனிப்பட்ட வேண்டுகோளையும் சொல்லுங்கள். மாமாவின் படத்துக்கு என் வணக்கம். வயதில் சிறியவள், ஆசி கேட்கிறேன். கொடுப்பதை நேரில் கொடுங்கள்.

அன்போடு,
ரக்னா

பின்குறிப்பு: மேலே ஆகஸ்ட் என்று எழுதியிருக்கும் இடத்தையெல்லாம் அடித்துவிடுங்கள்.

உறையைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அப்பா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். முழுதும் படித்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். எல்வினா அக்காவும் டெல்ஃபின் மாமாவும் பெயின்ட் சுரண்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

"இதையும் எழுதிட்டியா?"

"எழுதாம எப்படிப்பா புரியும்?"

"அவ தனியா உக்காந்து இதப் படிப்பா."

நான் உறை தேடுவதை நிறுத்தினேன்.

"தபால்ல போடாதே. நானே எடுத்துட்டுப் போறேன். படிக்கறப்ப நான் எதிர்ல இருக்கணும். வாக்கு மீறினதுக்குத் திட்டணும்னா, திட்டறதுக்கு ஆள் வேணுமில்ல?"

"எந்த வாக்கு?" என்றார் எல்வினா அக்கா. அப்பா அவரைப் பார்த்தார். "சரி. நான் கேக்கல. பெயின்ட் யார் அடிக்கிறது?"

"நீங்க அடிங்க."

டெல்ஃபின் மாமா கேட்டார், "கேப்டன், பாலைவனத்துக்குப் போக எந்த மாசம் நல்லதுன்னு பாத்தீங்களா?"

"இல்ல."

முப்பத்தொரு வருஷத்தில் அப்பா பார்க்காமல் முடிவெடுத்தது இதுதான்.

உங்களைக் கையோடு கூட்டிவருவதாகச் சொல்கிறார். எந்த வாரம் என்று கேட்டேன். "அவ பெட்டி கட்டற வாரம்." படகில் போவதா என்றேன். "இஷ்டம் இருந்தா போலாம். இல்லன்னா துறையிலயே கட்டிக் கெடக்கட்டும், அதுல உக்காந்து காபி குடிப்போம். ஊர்க்காரன் கேட்டா எஞ்சின் ரிப்பேர்னு சொல்லிக்கறேன்." உடனே டெல்ஃபின் மாமா, எதற்கு என்று தெரியாமலே, "சொல்லுங்க கேப்டன், நானே ரிப்பேர் ஆக்கிடறேன்" என்றார்.

ஆகவே, அத்தை, இப்போது நிமிர்ந்து பாருங்கள். எதிரே உட்கார்ந்திருக்கிறாரே, கம்பளிச் சட்டையில் வியர்த்துக்கொண்டு, அவருக்கு முதலில் குடிக்க ஏதாவது கொடுங்கள்.

அப்பாவிடம் சூட்கேஸ் இல்லை. மீன் அனுப்பும் மெழுகு அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்தோம். அடியிலும் மேலேயும் புகை போட்ட பிளாக் காட் மீன், நடுவில் இரண்டு சட்டை. மூடியை ஒட்டும்போது பாதியில் டேப் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய் ஒரு சுருள் வாங்கி வந்து, பெட்டியைச் சுற்றி மூன்று சுற்று ஒட்டினேன்.